முதல் நாற்காலியும் வழி நாற்காலியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தில் நிகழ்ந்த வாதத்தை நீவிர் அனைவீரும் அறிவீர்கள். நம் வாசகசாலையில் உள்ள பழைய தேக்கு நாற்காலிகள் பன்னிரண்டனையும் விற்றுவிட்டுப் புதியன வாங்குதல் வேண்டும் என்று இளைஞர் ஒரு சாரார் கூறினர். அவை நம் முன்னோர் அமர்ந்தவை, அவற்றில் ஓர் ஆணியையும் தொடலாகாது என்று பெரியோர் ஒரு சாரார் மறுத்தனர். தலைவர் அவர்கள் இருதிறத்தாரையும் அமைதிப்படுத்தி, முடிவை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். “தமிழாசிரியராகிய நீர் யாது கருதுகின்றீர்?” என்று எம்மையும் வினவினார்கள். இலக்கணம் கற்பிப்பானுக்கு நாற்காலியைப் பற்றி யாது தெரியும் என்று அன்று வாளா இருந்தோம். பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது, இவ்வழக்கு ஓர் இலக்கண வழக்கே என்பது எமக்குப் புலனாயிற்று.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தும். வழிநூலாவது முதனூலின் கருத்தோடு ஒத்துச் சென்று, பின்வந்த ஆசிரியன் தான் வேண்டிய வேறுபாட்டையும் உடன் கொண்டு நிற்பது. வான்மீகியார் செய்த காவியத்துக்குக் கம்பர் செய்த இராமாயணம் வழிநூல். அதனைப் படிபெயர்த்து எழுதியது என்று எவரேனும் சொல்வாரோ? வான்மீகத்தைத் தள்ளிவிட்டு எழுதியது என்றுதான் சொல்வாரோ? இரண்டும் அன்று. முன்னதை முற்றக் கற்றவன், அதனைத் தன் காலத்துக்கும் தன் நாட்டுக்கும் உரியதாக ஆக்கினான் என்பதே உண்மை. நூலுக்கு உரிய இந்நெறி நாற்காலிக்கும் உரியதோ என்று வினவினால், உரியதே என்று விடை பகரும் ஒரு பெரிய தச்சரின் வரலாறு உண்டு. அதனையே இன்று சொல்லப் புகுகின்றோம்.

அவர் டென்மார்க்கு நாட்டினர். அந்நாடு நமக்கு முற்றிலும் அயலானது அன்று. 1620 முதல் 1845 வரை நம் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொண்டு வாணிகம் நடத்தியவர்கள் அந்நாட்டினரே. டான்ஸ்பர்க்குக் கோட்டை இன்றும் அங்குக் கடலைப் பார்த்து நிற்கின்றது. யாம் சொல்லப் புகுந்த தச்சரின் பெயர் ஹான்ஸ் வெக்னர். அந்நாட்டின் தென்கோடியில் உள்ள டோண்டர் என்னும் சிற்றூரில் 1914ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் பிறந்தார். அப்பொழுது அவ்வூர் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. 1920இல் மக்களின் வாக்கெடுப்புக்குப் பின்னர் டென்மார்க்கோடு மீண்டும் சேர்ந்தது.

அவர் தந்தையார் செருப்புத் தைப்பவர். மகனோ பதினான்காம் வயதில் ஸ்டால்பெர்க் என்னும் தச்சரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பதினேழாம் வயதில் தேர்ந்த தொழிலாளர் என்னும் தகுதியைப் பெற்றார். இருபது வயது வரை அப்பட்டறையிலேயே உளியும் இழைப்புளியும் பிடித்து வேலை செய்தார். அதன் பின்னரே தலைநகராகிய கோபன்ஹேகனுக்குச் சென்று, 1936இல் கைத்தொழிற் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். இம்முறைவைப்பை இளைஞர்கள் ஊன்றிக் கருதுதல் வேண்டும். முதலிற் கை, பின்னர்க் காகிதம். மரம் எங்கே பிளக்கும், எங்கே வளையும், எங்கே தாங்கும் என்பதை விரல் அறிந்த பின்னரே அவர் எழுதுகோலை எடுத்தார். பிற்காலத்தில் உலகம் போற்றும் வடிவங்களை வரைந்தபோதும், ஐந்தில் ஒரு பங்கு அளவில் சிறு மாதிரியைத் தம் கையாலேயே செய்து பார்ப்பது அவர் வழக்கம்.

இங்கே, சங்கத்தாராகிய நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உளது. கோபன்ஹேகன் நகரத்தில் மேசை நாற்காலி செய்யும் தச்சர்களுக்குப் பழமையான சங்கம் ஒன்று இருந்தது. நெடுங்காலம், அத்தகைய சங்கங்களைச் சாராதவர் அத்தொழிலைத் தாமே நடத்துதல் இயலாது. 1857இல் இயற்றப்பெற்று 1862இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் அவ்வுரிமையை நீக்கி, தொழிலை யாவர்க்கும் பொதுவாக்கிற்று. பின்னர்த் தொழிற்சாலைகள் பெருகின. இயந்திரத்தில் விரைந்து செய்த மலிந்த பொருள்கள் கடைத்தெருவை நிறைத்தன. பட்டறைகள் வாழ்வதற்கு வழி தேட வேண்டியதாயிற்று.

அச்சங்கத்தார் யாது செய்தனர்? பழைய உரிமையைத் திருப்பித் தருக என்று விண்ணப்பம் எழுதிக்கொண்டு காலம் கழித்தாரல்லர். 1927ஆம் ஆண்டு தங்கள் கைவேலைப் பொருள்களைப் பொதுமக்கள் காண ஒரு கண்காட்சி வைத்தனர். அதனை ஆண்டுதோறும் 1966 வரை நடத்தினர். 1933 முதல் புதிய வடிவங்களுக்குப் போட்டி ஏற்படுத்தினர். வடிவம் வரையும் கட்டடக் கலைஞர் ஒருவரும், அதனை மரத்தில் ஆக்கும் தச்சர் ஒருவரும் இணைந்து உழைக்க அது வழி செய்தது. வரைபவர் அகந்தை கொண்டால் தச்சர் திருத்துவார். தச்சர் பழக்கத்தில் உறைந்தால் வரைபவர் எழுப்புவார். வெக்னரும் யோஹானஸ் ஹான்சன் என்னும் தச்சரும் இவ்வாறு இணைந்தவர்களே. செருப்புத் தைப்பவர் மகன் அந்தக் கண்காட்சியின் பெருமையாக விளங்கினார் என்றால், அங்கே வாயில் திறந்தது பிறப்பினால் அன்று, பயிற்சியினால் என்பது வெளிப்படை. பெரியோர்களே! நாமும் ஒரு குலத்தின் பெயரால் கூடியிருப்பவர்கள். ஆதலின் இதனைச் சற்று நினைந்து பார்த்தல் நலம்.

இனி, பழமையைக் கற்ற முறைக்கு வருவோம். அந்நாட்டில் கோரெ கிளிண்ட் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். 1888இல் பிறந்து 1954இல் மறைந்தவர். 1924 முதல் கோபன்ஹேகன் கலைக் கழகத்தில் மேசை நாற்காலி அமைக்கும் கலையைக் கற்பித்தார். அக்காலத்து ஐரோப்பாவிற் பலர், பழையன எல்லாவற்றையும் ஒழித்துப் புதிதாகத் தொடங்குதல் வேண்டும் என்று முழங்கினர். கிளிண்ட் அவ்வழிச் சென்றிலர். பழைய நாற்காலிகளை மாணவர் முன் வைத்து, அங்குலம் அங்குலமாக அளந்து வரையச் செய்தார். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாற்காலி, சீன நாற்காலி முதலியவற்றை அவர்கள் இலக்கண மாணவர் சூத்திரம் பயில்வது போலப் பயின்றனர். அதனோடு நில்லாமல், மனித உடலின் அளவுகளையும், பெட்டியில் வைக்க வேண்டிய உடைகளின் அளவுகளையும், அலமாரியில் அடுக்க வேண்டிய தட்டுகளின் அளவுகளையும் கணக்கெடுக்கச் செய்தார். முன்னோர் எந்தத் தேவைக்கு எந்த வடிவத்தைக் கண்டனர், அத்தேவை இன்று உளதோ, இலதோ என்பதே அவர் எழுப்பிய வினா. 1927இல் அவர் செய்த தோல் மெத்தை நாற்காலிக்கு அடிப்படை சிப்பண்டேல் என்னும் ஆங்கிலத் தச்சர் வழிப்பட்ட பழைய நாற்காலியே. அணிவேலைப்பாடுகளைக் களைந்து எலும்பை மட்டும் வைத்துக்கொண்டார் என்று சொல்லலாம்.

வெக்னர் கிளிண்டினிடம் நேரே பாடம் கேட்டவர் அல்லர். ஆயினும் அவர் படித்த பள்ளியில் ஆசிரியராக இருந்த மோல்கார்ட் நீல்சன் என்பார் கிளிண்டின் மாணாக்கர். உயிர் நண்பராகிய பொர்கெ மோகன்சனும் கிளிண்டின் மாணாக்கரே. ஆகவே அந்த ஆசிரிய பரம்பரையின் நெறி அவருக்கும் வந்து சேர்ந்தது. 1944இல் சீன நாட்டுப் பழைய நாற்காலியை முதலாகக் கொண்டு ஒரு வழி நாற்காலி செய்தார். 1947இல் ஆங்கில நாட்டுக் குடியானவர் வீட்டு நாற்காலியை முதலாகக் கொண்டு, மயில் தோகை விரித்தாற்போன்ற முதுகுடைய ஒன்றைச் செய்தார். 1949இல், கையும் முதுகும் ஒரே வளைவாக ஓடும் வட்ட நாற்காலியைக் கண்காட்சியில் வைத்தார். அமெரிக்க நாட்டில் 1960ஆம் ஆண்டு கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் வாதம் புரிந்தபோது அவ்வட்ட நாற்காலியே போடப்பட்டது. அவர் வாழ்நாளில் வரைந்த நாற்காலிகள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டன என்பர்.

இவற்றுள் யாம் விரித்துரைக்க எடுத்துக்கொண்டது மெத்தை தைத்த நாற்காலி ஒன்று. ஆங்கில நாட்டில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதி முதலாக ஒருவகைச் சாய்மான நாற்காலி வழங்கி வந்தது. அதன் முதுகு உயரமானது. தலையின் இருமருங்கும் யானையின் காதுகளைப் போல இரண்டு மடல்கள் முன்னோக்கி வந்திருக்கும். குளிர்நாட்டில் கணப்பின் அருகே அமர்ந்தவரைப் பின்னிருந்து வீசும் ஊதைக்காற்றுத் தாக்காமல் அம்மடல்கள் காத்தன. கணப்பின் வெம்மையும் அவற்றுள் சற்றே தங்கிற்று. எனவே அவை அழகுக்காக ஒட்டியவை அல்ல. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் துணையாக இருந்தவை. ஆனால் அந்நாற்காலி பருமனானது. அமர்ந்தவரை ஒரே நிலையில் நிமிர்த்தி வைப்பது.

இதனை முதலாகக் கொண்டு வெக்னர் 1951இல் ஒன்றைச் செய்தார். உயர்ந்த முதுகை விட்டாரல்லர். மடல்களையும் விட்டாரல்லர். காற்றைத் தடுத்த மடல், இங்கே தலை சாய்க்கும் இடமாயிற்று. பழைய நாற்காலியில் மடலும் கையும் இருக்கையும் ஒரே சுவராக இணைந்து நின்றன. வெக்னர் அச்சுவரைத் திறந்துவிட்டார். கைகள் இரண்டும் முதுகிலிருந்து புறப்பட்டு, இருக்கையை ஒட்டாமல், கீழே வெளியிடம் விட்டுத் தனியே நீண்டன. ஆதலின் அமர்ந்தவர் நேராகவும் அமரலாம், ஒருக்களித்தும் சாயலாம், காலை எடுத்துக் கைமேற் போடவும் செய்யலாம். மனிதன் ஒரே நிலையில் நெடுநேரம் அமைதியாக இரான் என்பதும், நிலை மாறி மாறி அமர்வதே உடலுக்கு இயல்பு என்பதும் வெக்னர் உணர்ந்து போற்றிய உண்மைகள்.

மற்றொரு நுட்பம் காண்மின். அக்கைகளின் முனையில் மெத்தை இல்லை. வழவழப்பாக இழைத்த மரத்துண்டு ஒன்று வெளியே தெரியும். மெத்தை நாற்காலியில் முதலில் அழுக்கேறுவதும் கிழிவதும் அமர்பவர் கை படும் அம்முனையே. தினந்தோறும் தேய்கின்ற இடத்தில் துணியை வைக்காமல் மரத்தை வைத்தார். அம்மரம் கைபடக் கைபட மெருகேறும். கருத்துரைத்த ஒருவர், பெரிய கரடி ஒன்று பின்னே நின்று தன் முன்னங்கால்களால் அணைத்துக்கொள்வது போல இருக்கின்றது என்று நகையாடினார். அந்நகையே பெயராயிற்று. கரடி நாற்காலி என்றே உலகம் இன்று வழங்குகின்றது. நகைத்தவர் பெயரை அறிவார் சிலர். நாற்காலியை அறியாதார் அத்துறையில் இல்லை.

அன்பர்களே! மெத்தை நாற்காலிக்கும் மற்றவற்றுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. மர நாற்காலியில் தச்சர் செய்த பிழை கண்ணுக்குத் தெரியும். மெத்தை நாற்காலியிலோ அவருடைய வேலை முழுவதும் துணிக்குள் மறைந்துவிடும். பழைய முறையில் அதனைச் செய்வோர் முதலில் கெட்டி மரத்தால் சட்டம் கூட்டுவர். சட்டத்தின் குறுக்கே நாடாப்பட்டைகளை இழுத்துப் பின்னுவர். அதன்மேல் சுருள்வில்களை நிறுத்தி, ஒன்று சாயாதவாறு மற்றொன்றோடு கயிற்றால் கட்டுவர். மேலே சாக்குத்துணி விரித்து, குதிரை மயிரைப் பரப்பி, ஓரங்களை நீண்ட ஊசியால் இறுகத் தைப்பர். பின்னர்ப் பஞ்சு, அதன்பின் மேல்துணி. காண்பவர் காண்பது அந்த மேல்துணி ஒன்றே. உள்ளே உள்ளதனைத்தும் செய்தவருடைய நாணயம்.

அந்நாணயம் இல்லாவிடில் என்ன ஆகும் என்பதற்கு எம் கதையே சான்று. இரண்டாண்டுகளுக்கு முன் நம் வாசகசாலைக்கு ஒரு மெத்தை நாற்காலி வாங்கினோம். கடைக்குச் சென்று தெரிந்தெடுத்தவர் யாமே. ஆதலின் குற்றமும் எம்முடையதே. பழங்காலத்துப் பாங்கில் வளைந்த கால்களும், செம்பட்டு நிற உறையும், வரிசையாக அழுத்திய பித்தளைக் குமிழ்களும் கண்டு மயங்கினோம். ஓராண்டு நிறைவதற்குள் இருக்கை பள்ளமாயிற்று. ஒருநாள் நம் பொருளாளர் ஐயா அமர்ந்த அளவில் ஒரு கால் விலகி, அவர் தரையில் அமர நேர்ந்தது. தச்சரை அழைத்து உறையைக் கிழித்துப் பார்த்தோம். உள்ளே இருந்தது சரக்குப் பெட்டி உடைத்த பலகை. அதன்மேல் அச்சிட்ட எழுத்துகள்கூட அழியவில்லை. துளையும் கழுந்தும் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆணிகள். மெத்தையாக வைத்த ஃபோம் மாவாக உதிர்ந்தது. தச்சர் எம்மை நோக்கி, “வாத்தியார் ஐயா, அட்டையைப் பார்த்துப் புத்தகம் வாங்கிவிட்டீர்கள்” என்றார். எமக்கு விடை தெரியவில்லை.

அந்த நாற்காலியும் பழமையின் சாயலில் செய்ததே. வெக்னர் செய்ததும் பழமையின் சாயலில் செய்ததே. இரண்டனுக்கும் வேற்றுமை யாது? ஒன்று பழமையின் தோலை எடுத்துப் போர்த்துக்கொண்டது. மற்றொன்று பழமையின் காரணத்தை அறிந்து எடுத்துக்கொண்டது. முன்னது வேடம். பின்னது வழி. இக்காலத்துப் பழம்பாணி என்னும் பெயரால் விற்கப்படும் பொருள்களை இவ்வொரு கேள்வியால் பிரித்தறியலாம்.

வெக்னரின் அந்நாற்காலியை முதலில் விற்று வந்தவர்கள் ஏ. பி. ஸ்டோலன் என்னும் பட்டறையினர். அதற்கு மரச்சட்டம் கூட்டித் தந்தது, 1953இல் தொடங்கப்பெற்ற பி. பி. மோப்லர் என்னும் சிறு தச்சுப் பட்டறை. துணிக்குள் மறையப்போகும் சட்டத்தைச் செய்வதே அவர்களுடைய தொடக்க வேலை! ஒருவரும் காணாத அவ்வேலையைச் செய்தவர்களே, அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 2003 முதல் அந்நாற்காலி முழுவதையும் தங்கள் பட்டறையிலேயே செய்யத் தொடங்கினர். நாற்காலிக்குப் பின்புறம் என்று ஒன்று இருத்தலாகாது, எப்புறம் நோக்கினும் அது முகமாகவே இருத்தல் வேண்டும் என்பது வெக்னர் கொண்ட கொள்கை. உட்புறத்துக்கும் அக்கொள்கை பொருந்தும் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு தடை எழும். அத்தகைய நாற்காலியின் விலை செல்வர்க்கே எட்டும், எளியவர் என் செய்வது என்று கேட்பீர்கள். கேட்பது நியாயமே. கைவேலை மிகுந்த பொருள் விலை மிகுந்தே இருக்கும். எம்மனோர் அதனைப் படத்திற் கண்டு மகிழ்தலே கூடும். ஆயினும் அந்நாட்டினர் இத்தடையையும் எண்ணாமல் இருந்தாரல்லர். அங்குள்ள கூட்டுறவுச் சங்கங்களின் பேரவை, எளிய குடும்பங்களுக்கு நல்ல மேசை நாற்காலிகளை ஆக்கித் தருவதற்கு ஒரு பிரிவை அமைத்து, 1942இல் மோகன்சனை அதற்குத் தலைவராக்கிற்று. 1944இல் வெக்னரும் அவர்களுக்காக ஓர் ஆடு நாற்காலி வரைந்து கொடுத்தார். தாய்மார் குழந்தையை மடியில் வைத்து ஆடுதற்கு ஏற்ற அந்நாற்காலி இன்றும் செய்யப்படுகின்றது. தனியொருவர் பணத்தால் ஆகாததைச் சங்கம் ஆக்கும் என்பதற்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுமோ?

வெக்னர் 2007ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தமது தொண்ணூற்றிரண்டாம் வயதில் மறைந்தார். 2014இல் அவருடைய நூற்றாண்டு விழாவைக் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் கொண்டாடியபோது, அக்கண்காட்சிக்கு இட்ட பெயர், ஒரே ஒரு நல்ல நாற்காலி என்னும் பொருள்பட அமைந்தது. ஐந்நூறு நாற்காலி வரைந்தும், நல்ல நாற்காலி ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருந்தவர் அவர். கற்றது கைம்மண்ணளவு என்று நாம் வாயாற் சொல்வதை அவர் கையாற் காட்டினார்.

இனி நம் வழக்குக்கு வருவோம். விற்றுவிடுக என்னும் இளைஞர்களே! அந்தத் தேக்கு நாற்காலியை ஒருமுறையேனும் கவிழ்த்துப் பார்த்ததுண்டோ? அதன் முதுகு எத்தனை பாகை சாய்ந்துளது, ஏன் சாய்ந்துளது, கழுந்து எங்ஙனம் புகுத்தப்பட்டுளது என்று அறியாமல் விற்பது, ஏட்டைப் படியாமல் ஆற்றில் விடுவதை ஒக்கும். தொடலாகாது என்னும் பெரியோர்களே! இரண்டின் கால்களைச் செல் அரித்துவிட்டது. நான்கின் பிரம்புப் பின்னல் அறுந்து தொங்குகின்றது. படிக்க வரும் சிறுவர் அவற்றில் அமர இயலாமல் தரையில் அமர்கின்றனர். அமரத் தகாத நாற்காலியைப் போற்றி வைப்பது, பொருள் தெரியாத பாட்டை நெட்டுருச் செய்வதை ஒக்கும். இருதிறத்தாரும் எம்மைப் பொறுத்தருள்க. இரண்டும் எம் வகுப்பில் நாள்தோறும் காணும் குற்றங்கள்.

எம் வேண்டுகோள் இது. பன்னிரண்டில் மிகப் பழுதுபட்ட ஒன்றை நம் ஊர்த் தச்சரிடம் ஒப்புவிப்போம். அவர் அதனைப் பட்டறையில் வைத்துப் பிரிக்காமல், வாசகசாலைத் திண்ணையில், விடுமுறை நாளில், நம் பிள்ளைகள் சூழ்ந்திருக்கப் பிரிக்கட்டும். பிள்ளைகள் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து சுவடியில் வரைந்துகொள்ளட்டும். எதனை வைத்துக்கொள்வது, எதனை மாற்றுவது என்பதை அதன் பின்னர் அவரோடு கலந்து முடிவு செய்வோம். ஏனைய பதினொன்றுக்கும் அந்த ஒன்றே இலக்கணம் ஆகும். அவர்க்கு உரிய கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். அன்று அவரை நாற்காலியில் அமர்த்திப் பிள்ளைகள் நின்று கேட்கட்டும், ஆசிரியர்க்குச் செய்யும் மரியாதை அதுவாதலின். எவரேனும் ஒரு சிறுவன் அன்று உளியைத் தொட விரும்பினால், தந்தைமார் அவனைத் தடுக்காதிருப்பீர்களாக.

மெத்தை நாற்காலியால் சங்கத்துக்கு நேர்ந்த இழப்பை எம் சம்பளத்திலிருந்து இரண்டு தவணையாகச் செலுத்திவிட்டோம். பொருளாளர் ஐயாவின் இடுப்பு வலியும் நீங்கிவிட்டதாக அறிந்து மகிழ்கின்றோம்.